இருபத்திரண்டு பேர் வரை

சர்வேக்காரர்கள் வாசலில் எண் எழுதிவிட்டுப் போன மறுநாளிலிருந்து நம்பிராஜன் வீட்டில் எதைப் பங்கு வைத்தாலும் ஒன்று மிஞ்சியது. முதலில் மிஞ்சியது இட்லி. வீட்டில் மூன்று பேர். அவர் மனைவி மகேஸ்வரி ஒன்பது இட்லி ஊற்றி வைத்து மூடியைத் திறந்தபோது பத்து இருந்தது. மறுநாள் பத்து ஊற்றினாள், பத்து இருந்தது. அதற்கடுத்த நாள் பதினொன்று ஊற்றியதில் ஒன்று துணியோடு ஒட்டிப் பிய்ந்துபோய்ப் பத்துதான் தேறியது. ஆளுக்கு மூன்று போக ஒன்று. சயானில் மூன்று வடாபாவ் வாங்கி வந்தால், வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நான்கு இருந்தது. நம்பிராஜன் கூடுதலான ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் தன் தட்டில் எதுவும் குறையவில்லை என்று வாங்க மறுத்துவிட்டார். விருந்தாளி வந்து நான்கு பேராக உட்கார்ந்தாலும் ஒன்று மிஞ்சியது. ஐந்து பேரானாலும் ஆறு பேரானாலும் ஒன்றுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மாதம் உளுந்து விலை ஏறியிருந்தது. அதனால் அக்கம்பக்கத்தில் யாரும் இதைக் கெட்டதாகப் பேசவில்லை.

வீடு மும்பை தாராவியில், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத, கல்லி என்கிற ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. கீழே ஓர் அறை, ஏணி வைத்த பலகை மாடி, வாசலில் தண்ணீர் டிரம். கல்லியில் பாதி வீடுகளில் இட்லி வியாபாரம். விடிவதற்கு முன்பே எல்லா அடுப்பும் எரிந்து, விடியும்போது ஆண்கள் அலுமினியப் பாத்திரங்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடி வெளியே போவார்கள். பாத்திரத்தில் இட்லியை எண்ணிப் போடுவது மகேஸ்வரியின் வேலை. அவள் திருநெல்வேலிப் பக்கத்தில் நெல் அளக்கிற மாதிரி எண்ணுவாள். ஒன்று என்று சொல்ல மாட்டாள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் தொடங்குவாள். விற்பனைக்கு எண்ணிப் போட்ட இட்லியில் எந்த மாற்றமும் வரவில்லை. அது விற்பது, பங்கு வைப்பது அல்ல.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் ஆள் அனுப்பினார்கள். அவர்கள் அச்சுத் தகட்டை வாசல் தகரத்தில் வைத்துச் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். நம்பிராஜன் வீட்டுக்கு விழுந்த எண் 232792561. ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு, வார்டு, செக்டர், கல்லி, கோளி என்கிற ஒற்றை அறை வீடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, அழித்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வீடு கரீம் பாட்சாவுடையது. தோல் பை தைக்கிறவர், சொந்த ஊர் மேலப்பாளையம். அவருக்கு ஒன்று குறைவாக, 232792560.

கரீம் பாட்சா வீட்டில் நேர்மாறாக நடந்தது. அங்கே எதைப் பங்கு வைத்தாலும் மிச்சமே இல்லை. ஆறு பிள்ளைகள், ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஆறு பேருக்கும் சரியாக வந்தது. மாமன் மகன்கள் வந்து பதினோரு பேரானாலும் சரியாக வந்தது. சண்டை நின்றுபோனது. அவர் மனைவி ஜுவைரியா பிரியாணிச் சட்டியைக் கழுவ வேண்டிய வேலைகூட இல்லை என்றாள். கரீம் பாட்சாவுக்கு மட்டும் ஒரு குறை. தோலை எப்படி வெட்டினாலும் துண்டு விழுவதில்லை. துண்டுத் தோலில்தான் அவர் சாவிக்கொத்து செய்து தனியாக விற்பார். அந்த வரும்படி போயிற்று.

நம்பிராஜன் வீட்டில் மிஞ்சிய ஒன்று யாருக்கு என்பதில் மகேஸ்வரிக்கு முதல் நாளே சந்தேகம் இல்லை. நான்காவது தட்டை எடுத்து வைத்தாள். அது காளிராஜுடைய தட்டு.

காளிராஜ் அவர்களுடைய மூத்த மகன். எண் எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பு, பத்தொன்பது வயதில், வடாலாப் பக்கம் இட்லி விற்கப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் கொண்டுபோகிற பாத்திரத்தில் தினமும் ஓர் இட்லி குறைந்துகொண்டிருந்தது. நம்பிராஜன் எண்ணிக்கை பிசகினால் பொறுக்க மாட்டார். அன்று காலை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"நேத்தும் ஒண்ணு கொறையுது, முந்தாநாளும் ஒண்ணு கொறையுது. தின்னியாலே? யாருக்குலே குடுத்த?"

"ஒரு இட்லிக்கு இவ்வளவு பேச்சாப்பா?"

"ஒரு இட்லிதாம்லே. நீ ஒருத்தன் இல்லேன்னா என் கணக்கு சரியா இருக்கும்."

காளிராஜ் சிரித்துக்கொண்டேதான் ஹார்னை அடித்துவிட்டுக் கிளம்பினான். கல்லியில் பலரும் பார்த்தார்கள். சாயங்காலம் சைக்கிள் வடாலா ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து நின்றது. பாத்திரம் காலி, எல்லாம் விற்றிருந்தான். போன் அணைந்திருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். நம்பிராஜன் ஆஸ்பத்திரிப் பிணவறைகளுக்குப் போய் ரயிலில் அடிபட்ட பல பேருடைய பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் பிள்ளை அதில் இல்லை. அதன் பிறகு வடாலாவுக்கு அவரே சைக்கிள் மிதித்தார். முதல் வாரத்திலேயே பாலத்தடியில் படுத்திருக்கும் ஒருவர், கால் விளங்காதவர், அவரை நிறுத்தி அந்தப் பையன் ஏன் வருவதில்லை என்று இந்தியில் கேட்டார். தினமும் ஓர் இட்லி கொடுப்பான் என்றார். நம்பிராஜன் பாத்திரத்தைத் திறந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. பாத்திரத்தில் மறுபடி ஒன்று குறைவதைப் பற்றி மகேஸ்வரியும் கேட்கவில்லை.

மிஞ்சிய இட்லியை வீட்டில் யாரும் தொடக் கூடாது என்றாகிவிட்டது. காளிராஜ் தட்டில் அது வெயில் இறங்கும்வரை மூடியிருக்கும். பிறகு மகேஸ்வரி எடுத்து வாசலில் வைப்பாள், பூனை தின்னும். சாப்பிடும்போது அவள் கண் அந்தத் தட்டில்தான் இருக்கும். இளையவள் கலைச்செல்வி மாட்டுங்காவில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. கணிதம் படித்தாள். அதிகம் பேச மாட்டாள். ரிசல்ட் வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்த பிறகு, "அம்மா, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள். "அப்படியா" என்று மகேஸ்வரி நான்காவது தட்டைப் பார்த்தாள். "அவன்ட்ட சொல்லணும், சந்தோசப்படுவான்" என்றாள். கலைச்செல்வி தன் மூன்று இட்லியைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள்.

எண்ணைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டது கலைச்செல்விதான். அடுத்த வீட்டு எண்ணிலிருந்து அவள் தொடங்கினாள். கரீம் பாட்சாவின் எண் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை எதனாலும் மீதியில்லாமல் வகுபடும். இத்தனைக்கும் ஒரே சமயத்தில் வகுபடுகிற எண்களில் அதைவிடச் சிறியது கிடையாது. அதைவிட ஒன்று கூடிய எண்ணை அதே இருபத்திரண்டில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சித்தான் ஆக வேண்டும். அதற்கு மேலும் அவள் வகுத்துப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் லேபில் சரிபார்த்துக்கொண்டாள். 232792561 பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர அதை மிச்சமில்லாமல் வகுக்க இந்த உலகத்தில் எதுவும் இல்லை. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் கரீம் பாட்சாவின் எண்ணுக்குத் தன்னைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வரும். அப்படிப்பட்டது மிகை எண். அவர்கள் வீட்டு எண்ணுக்கு அப்படிக் கூட்டினால் ஒன்றுதான் வரும். அது குறை எண்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஓர் எண்ணின் இலக்கங்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும்; வருகிற எண்ணை மறுபடி அதேபோலச் செய்ய வேண்டும். இப்படியே போய் ஒன்றை அடைந்துவிட்டால் அது மகிழ்ச்சி எண். அவர்கள் வீட்டு எண் இருநூற்றுப் பதின்மூன்றுக்கு இறங்கி, பதினான்கு, பதினேழு, ஐம்பது என்று போய், எண்பத்தொன்பதில் மாட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றிடம் வந்து சேராது. பிறகு கரீம் பாட்சாவின் எண்ணையும் செய்து பார்த்தாள். அதுவும் மகிழ்ச்சி எண் இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு பிள்ளைகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கரீம் பாட்சாவிடம் அவருடைய எண்ணைப் பற்றி ஒருமுறை சொன்னாள்.

"உங்க நம்பர் மிகை எண் பாய். அதோட பங்காளிங்க எல்லாரையும் கூட்டினா அதைவிட நாலு மடங்கு."

"பங்காளிங்க நாலு மடங்கா இருந்தா இந்தக் கோளி எப்படிம்மா பத்தும்?" என்றார் அவர்.

அம்மாவிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அது எண்ணின் குணம், எண் யாரையும் நினைத்து மிச்சம் வைக்கவில்லை, வேறு யார் வீட்டில் அந்த எண்ணை எழுதியிருந்தாலும் ஒன்று மிஞ்சியிருக்கும் என்றாள்.

"குணம் நல்லதாத்தானட்டி இருக்கு" என்றாள் மகேஸ்வரி. "வேற யாரு வீட்லயும் எழுதலியே. நம்ம வீட்லல்லா எழுதியிருக்கான்."

கலைச்செல்வி ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. இருபத்திமூன்றால் வகுத்தால் மீதி ஒன்று இல்லை, பதினாறு. அவள் அதை மூன்று முறை வகுத்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டாள். அந்த வீட்டில் இருபத்திமூன்று பேர் சேர்ந்து சாப்பிட உட்கார இடமும் இல்லை, காரணமும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்தில் காரணம் வந்தது. நம்பிராஜனின் அக்கா மீனாட்சியம்மாள் கோபர்கைரனேயிலிருந்து வந்தாள். கலைச்செல்விக்கு அதற்குள் மாட்டுங்காவில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் கேட்கிறவர்கள் எல்லாம் காளிராஜைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றும், இருக்கிறானா இல்லையா என்று சொல்லத் தெரியாத வீட்டில் எப்படிப் பூ வைப்பது என்றும் மீனாட்சியம்மாள் சொன்னாள். ஊர்ப் பக்கத்தில் காணாமல்போனவர்களுக்கு வைக்கோலில் உருவம் செய்து எரித்துப் பதினாறாம் நாள் காரியத்தையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்துவிடலாம் என்றாள். நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்குச் சம்மதம்தான். அந்த நான்காவது தட்டு இல்லாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"செத்தாத்தான் காரியம் மயினி" என்றாள் மகேஸ்வரி. "எம்புள்ளைக்கு தினமும் பங்கு வருது. செத்தவனுக்கா வரும்?"

"நீயே ஒரு கரண்டி மாவ சேத்து ஊத்திக்கிடுத. ஊரு பூரா அற்புதம்னு சொல்லிக்கிட்டு இருக்குது."

"அப்ப நீங்க வந்து ஊத்துங்க."

பேச்சு முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாரும் வருவது. மீனாட்சியம்மாளே ஊற்றி, அவளே எண்ணி, அவளே பரிமாறுவது. ஒன்று மிஞ்சினால் இனி அந்த வீட்டில் யாரும் காரியம் என்ற பேச்சை எடுக்கக் கூடாது. மிஞ்சாவிட்டால் மகேஸ்வரி ஒத்துக்கொள்ள வேண்டும்.

யார் யார் வருகிறார்கள் என்று மீனாட்சியம்மாள் தட்டைத்தான் எண்ணினாள். ஆளை எண்ணுவது ஆகாது, எண்ணினால் குறையும். கோபர்கைரனேயிலிருந்து ஒரு வீடு, தேவ்நாரிலிருந்து நம்பிராஜன் தம்பி சுடலைக்கண்ணன் வீடு, வடாலாவிலிருந்து ஒன்று, செம்பூரிலிருந்து ஒன்று. பரிமாறுகிறவர்களுக்கும் சேர்த்து இருபத்திமூன்று தட்டு வந்தது.

"எனக்கு எடுத்து வைக்காதீங்க அத்தை" என்றாள் கலைச்செல்வி. "ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. வெளிய சாப்ட்டுக்கிடுவேன்."

"உனக்கு இல்லாமலா? உனக்காகத்தான இதெல்லாம்."

"இல்லத்தை. லீவு தர மாட்டாங்க."

மீனாட்சியம்மாள் ஒரு தட்டை எடுத்து அடுக்கில் திரும்ப வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் எதுவும் இல்லை. கலைச்செல்வி கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் கல்லியைத் தாண்ட முடியவில்லை. கரீம் பாட்சா வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். உள்ளே போகிறவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை எண்ணினாள். செருப்பை எண்ணினால் தோஷம் இல்லை. இருபது ஜோடி. அம்மாவும் அப்பாவும் வெறுங்காலில் இருந்தார்கள். சரியாக இருபத்திரண்டு. சுடலைக்கண்ணனின் மருமகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பால்குடி மறக்காத குழந்தையை எண் கணக்கில் சேர்க்குமா என்று கலைச்செல்விக்குப் பயமாக இருந்தது. ஜுவைரியா வந்து, உள்ளே புழுக்கமாக இருக்கிறது, குழந்தை தன்னிடம் தூங்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கீழே பத்துப் பேர், மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மீனாட்சியம்மாள் ஆளுக்கு நான்கு என்று எண்பத்தெட்டு ஊற்றியிருந்தாள். ஒவ்வொரு தட்டாக வைத்துக்கொண்டு போனாள். ஏணியில் ஏறி மாடிக்கும் வைத்தாள். தனக்கும் மகேஸ்வரிக்கும் வைத்தாள். பிறகு பாத்திரத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி நடுவில் வைத்துத் துணியை எடுத்தாள். அடியில் ஓர் இட்லி இருந்தது.

மாடியிலிருந்தவர்கள் ஏணி வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மகேஸ்வரி சிரித்தாள். ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். "பாத்தியளா மயினி" என்றாள். "இருக்கான். எங்கயோ இருக்கான்." மீனாட்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் தாயி, நல்லா இருக்கட்டும்" என்றாள். அவளும் அவனைத் தூக்கி வளர்த்தவள்தான். வெளியே படியில் உட்கார்ந்திருந்த கலைச்செல்விக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தாள்.

சந்தோஷத்தில் மகேஸ்வரியின் கண் அன்று தட்டை விட்டு நகர்ந்தது. சுற்றிப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், வாசலுக்கு வெளியே மகளைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ போகலியா?"

"கிளம்பிட்டேம்மா."

"சாப்ட்டியா?"

"ம். சாப்ட்டேன்."

"எங்க சாப்ட்டா?" என்றாள் ஜுவைரியா, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே. "காலையில இருந்து இந்தப் படியிலதான் உக்காந்திருக்கா. டீ குடுத்தேன், அதையும் குடிக்கல."

மகேஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்தாள். மகளை அவள் அப்படிப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்பதை அன்றுதான் கவனித்தாள் போலிருந்தது.

"நாங்க இத்தன பேரு தின்னுக்கிட்டிருக்கோம், எம்புள்ள வெளிய உக்காந்திருக்கு. நானும் ஒரு தாயா? வாட்டி உள்ள."

"வேண்டாம்மா. ஒண்ணுதான் இருக்கு. அது அண்ணனுக்கு."

"அது அவனுக்கு இருக்கட்டும். உனக்கு இல்லாமப் போயிருமா?"

"பசிக்கல. சொன்னாக் கேளும்மா."

"போ கலை" என்றாள் ஜுவைரியா. "அம்மா கூப்பிடுதாங்கள்லா."

கலைச்செல்விக்குச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. இருபத்திமூன்று என்று தொடங்கும் வாக்கியம். அது வாய்வரை வந்தது. அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். ஐந்து வருடத்தில் அம்மாவின் கை அவள்மேல் இப்படிப் பட்டதில்லை. மாவு அரைத்து அரைத்துச் சொரசொரத்த, சூடான கை. அந்தக் கையை உதறிவிட அவளால் முடியவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே போனாள். மகேஸ்வரி அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்து, தன் பங்கிலிருந்து கொடுப்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பாத்திரத்துக்குள் கையை விட்டாள்.

கை நிறைய வந்தது. மகளுக்கு நான்கு வைத்தாள். மறுபடி பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் ஒரு வாழையிலையை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணினாள். எட்டு வரும்போது மீனாட்சியம்மாள் எழுந்து நின்றாள். பத்து வரும்போது நம்பிராஜன், "போதும் மகேஸ்வரி, எண்ணாத" என்றார். அவள் நிறுத்தவில்லை. இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. பதினாறு வந்ததும் பாத்திரம் காலியானது. அவள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

அந்த அறையில் பதினாறு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுடலைக்கண்ணன், "கல்யாணத்துல வாழ்த்துறதுக்கும் பதினாறுதான மயினி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மகேஸ்வரி அவரைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள். கலைச்செல்வி தன் தட்டில் இருந்த நான்கையும் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள். "தின்னுட்டி, ஆறிரும்" என்று மகேஸ்வரி அவள் முதுகைத் தடவினாள். அதன் பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "என்னைக்கு வச்சுக்கிடலாம் மயினி?" என்று கேட்டாள்.

அடுத்த வாரமே வைத்துக்கொண்டார்கள். மாஹிம் கடற்கரையில், வைக்கோல் உருவத்துக்குக் காளிராஜின் நீலச் சட்டையைப் போட்டிருந்தார்கள். கரீம் பாட்சா கடையை மூடிவிட்டு வந்து தள்ளி நின்றார். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது நம்பிராஜன் எதையோ சொல்ல முயன்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. "நீ இல்லாம என் கணக்கு சரியா வரலைய்யா" என்றார்.

எண் காளிராஜைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது கலைச்செல்விக்குத் தெரியும். அவன் எங்காவது உயிரோடு இருந்திருந்தாலும் இருபத்திமூன்று பேர் உட்கார்ந்தால் பதினாறுதான் மிஞ்சியிருக்கும். செத்திருந்தாலும் இருபத்திரண்டு பேர்வரை ஒன்று மிஞ்சிக்கொண்டே இருந்திருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுபடியும் காத்திருக்கத் தொடங்குவாள். அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய அவள் படித்த படிப்பில் வழி இல்லை. சில நாட்கள் வடாலாவில் ரயில் நிற்கும்போது அவள் எட்டிப் பார்ப்பாள். சைக்கிள் சாய்ந்திருந்த சுவருக்கு இப்போது வெள்ளையடித்திருக்கிறார்கள்.

வீட்டை இடிக்க இன்னும் ஆள் வரவில்லை. இரண்டு மழைக்காலத்தில் சிவப்பு பெயின்ட் வெளுத்துவிட்டது. தெரியாதவர்களால் அந்த எண்ணைப் படிக்க முடியாது. நம்பிராஜன் வடாலாவுக்குத்தான் சைக்கிள் மிதிக்கிறார். பாத்திரத்தில் தினமும் ஒன்று குறைகிறது. வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தினமும் ஒன்று மிஞ்சுகிறது. மகேஸ்வரி அதை எடுத்துக் கலைச்செல்வியின் தட்டில் வைக்கிறாள். கலைச்செல்வி அதைத் தின்றுவிட்டு, கை கழுவி, மாட்டுங்காவுக்குக் கிளம்புகிறாள்.